கம்பி முடிந்த இடம்: தாம்பரமும் அதன் தடங்களும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் தொடங்கி, கோட்டை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தெற்கே சென்று தாம்பரத்தில் முடியும் புறநகர் ரயில் தடம், தென்னிந்தியாவில் முதன்முதலாக மின்சாரத்தில் ஓடிய ரயில் தடம் ஆகும். 1931ஆம் ஆண்டு இத்தடத்தின் மேல் மின்கம்பி கட்டப்பட்டபோது தாம்பரம் ஒரு பெரிய ஊராக இருக்கவில்லை; கம்பி அங்கே முடிந்தது என்பதே அவ்வூரின் அடுத்த தொண்ணூறு ஆண்டு வரலாற்றை வகுத்தது. பொதுவாக ஊர் வளர்ந்த பிறகு அதற்கு ரயில் வரும் என்று எண்ணப்படுகிறது. சென்னையின் தென்புறத்தில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது என்பதை இத்தடத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதை இயக்கிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பயன்படுத்தியது பிராட்கேஜ் எனப்படும் அகலப்பாதை. அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பாதை. அகலப்பாதை போடச் செலவு மிகுதி என்பதால், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870ஆம் ஆண்டையொட்டி, வருவாய் குறைவாக வரக்கூடிய பகுதிகளுக்கு 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதையே போதும் என்று இந்திய அரசு முடிவு செய்தது. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி இந்த மீட்டர்கேஜைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்னையைச் செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தஞ்சைச் சமவெளியோடும் தூத்துக்குடித் துறைமுகத்தோடும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இணைத்தது. நெல்லையும் பருத்தியையும், திருவிழாக்களுக்குச் செல்லும் மக்களையும் நெடுந்தொலைவு கொண்டுசெல்வதற்காகப் போடப்பட்ட அந்தப் பாதையில், சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே இருந்த சிற்றூர்கள் யாருடைய கணக்கிலும் முதன்மையானவையாக இல்லை.

சென்னை நகரம் இரண்டு வேறு அகலங்களாகப் பிரிந்தது இவ்வாறுதான். வடக்கும் மேற்கும் சென்ட்ரல் நிலையத்தின் அகலப்பாதைக்கும், தெற்கு எழும்பூரின் மீட்டர்கேஜுக்கும் உரியவையாயின. ஹென்றி இர்வின் வடிவமைப்பில், பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டிய எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், மீண்டும் கொழும்பு வரை ரயிலிலும் ஒரே பயணச்சீட்டில் செல்ல வழி செய்த ‘போட் மெயில்’ இத்தடத்தின் வழியாகவே ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொழும்பு வணிகத்துக்கும் சென்ற தமிழர் பலர் தாம்பரத்தைக் கடந்தே சென்றிருப்பர். அங்கே இறங்குவதற்கு அன்று பெரிய காரணம் எதுவும் இருந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் சென்னை தன் எல்லையை மீறத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நெருக்கம் கூடிவிட, வீட்டுக்கு இடம் தேடுவோர் மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏரிக்கரைகளை நோக்கினர். நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டுகிடந்த நெடிய ஏரியின் மாம்பலம் பகுதி 1920களில் தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் நகராண்மை வகுத்த குடியிருப்புக்குச் சர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. தியாகராய நகரில் மனை வாங்கியவருக்குக் கோட்டையிலோ பாரிமுனையிலோ வேலை. இரண்டுக்கும் இடையே அன்றாடம் போய்வர வழி வேண்டும். 1895 முதல் சென்னைத் தெருக்களில் ஓடிய மின்சார டிராம் நகருக்கு உள்ளே மட்டுமே பயன்பட்டது. மாம்பலத்தின் விளிம்பிலேயே தென்னிந்திய ரயில்வேயின் பாதை கிடந்தது. ஆனால் நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டி, அடிக்கடி நின்று கிளம்பும் புறநகர்ப் பயணத்துக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு முறை நின்றபின்னும் வேகம் எடுக்க நேரம் பிடிக்கும், முனையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டவும் வேண்டும்.

பம்பாயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அதைத் தொடர்ந்து சென்னையிலும் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்மயமாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டு, 1931 ஏப்ரல் 2 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி இத்தடத்தைத் தொடங்கிவைத்தார்; மே 11 முதல் பொதுமக்களுக்கான மின்சார ரயில்கள் முறையாக ஓடின. இந்தியாவில் மின்சாரப் புறநகர் ரயில் பெற்ற இரண்டாவது நகரம் சென்னை. கல்கத்தா இந்த வசதியைப் பெறுவதற்கு 1950களின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. சென்னையின் வடபுறப் புறநகர் தடங்களான கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வழிகளுக்கோ 1979இல்தான் மின்சாரம் வந்தது. தென்புறம் பெற்ற இந்த அரை நூற்றாண்டு முன்னிலையே சென்னை தெற்கு நோக்கி நீண்டதற்குப் பெருங்காரணம் என்று கொள்வதற்கு இடம் உண்டு.

மின்மயமாக்கலின் தொழில்நுட்பத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். அன்று பயன்படுத்தப்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். அதாவது திசை மாறாமல் ஒரே பக்கமாகப் பாயும் மின்சாரம். இதை வண்டியின் மோட்டாருக்கு அப்படியே கொடுக்கலாம் என்பது வசதி. ஆனால் அழுத்தம் குறைவாக இருப்பதால் மின்னோட்டத்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் கனத்த செப்புக்கம்பி தேவை, சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையமும் தேவை. குறுகிய தொலைவுக்கு இந்த முறை பொருந்தும், நெடுந்தொலைவுக்குக் கட்டுப்படியாகாது. எனவே மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அது தாம்பரத்தில் நின்றது. அதற்குத் தெற்கே செல்லும் வண்டிகள் நீராவியிலேயே தொடர்ந்தன.

பயணிகள் வண்டிகளோடு சரக்கு வண்டிகளையும் மின்சாரத்தில் இழுப்பதற்காக 1930இல் இங்கிலாந்திலிருந்து நான்கு மின்சார எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன. இவற்றில் ஒரு சிறப்பு இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய கிளைத் தண்டவாளங்கள் எல்லாவற்றின் மேலும் கம்பி கட்டுவது இயலாது. கிரேன்களும் சுமைதூக்கும் கொக்கிகளும் இயங்கும் இடத்தில் அது ஆபத்தும் ஆகும். ஆகவே எஞ்சினுக்குப் பின்னால் மின்கலங்கள் அடுக்கிய தனி வண்டி ஒன்றை இணைத்துக்கொண்டு, கம்பி இல்லாத கிளைப்பாதைக்குள்ளும் அந்த எஞ்சின் சென்று வர ஏற்பாடு செய்யப்பட்டது. மின்கலத்தில் ஓடும் வாகனங்களைப் புதுமையாகப் பேசும் இன்றைய தலைமுறை, சென்னையில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் சரக்கு ரயிலே மின்கலத்தில் நகர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எஞ்சின்களில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. அது உழைத்த சென்னைக்கு வெளியே இருப்பது வருந்தத்தக்கதே.

பயணிகளுக்கு வந்தது, எஞ்சின் என்று தனியாக ஒன்று இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டாரும், தொடரின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறையும் கொண்ட மின்தொடர் வண்டி. தாம்பரத்தில் வண்டி நின்றதும் ஓட்டுநர் முன்முனையிலிருந்து இறங்கிப் பின்முனைக்கு நடந்துசென்றால் போதும், வண்டி கடற்கரைக்குக் கிளம்பத் தயார். அடிக்கடி வண்டி விட முடிந்தது இதனால்தான். அடிக்கடி வண்டி இருந்ததால், நேரம் பார்க்காமல் நிலையத்துக்குப் போகும் பழக்கமும், மாதத்துக்கொரு முறை சலுகைக் கட்டணம் செலுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்ய உதவும் சீசன் டிக்கெட்டை நம்பி வீடு பார்க்கும் பழக்கமும் உருவாயின. வேலை செய்யும் ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் வேறொன்று என்னும் வாழ்க்கை முறை சென்னையில் வேரூன்றியது இந்தத் தடத்தின் ஓரத்தில்தான்.

தாம்பரத்தின் தொடக்ககால அடையாளம் நல்ல காற்று. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், நோயாளியைத் திறந்த வெளியில் தூய காற்றில் தங்கவைத்துப் பேணும் இடங்கள் சானடோரியம் என அழைக்கப்பட்டன. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தை அடுத்து அத்தகைய ஒரு நிலையத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்து, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அருகில் உள்ள ரயில் நிலையமும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தன் பழைய கட்டடங்களை விட்டுத் தாம்பரத்தின் காட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. இடப்பெயர்வின் வடிவம் கவனிக்கத்தக்கது: தடத்தின் வடமுனையில் கடற்கரை நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு நிறுவனம், அதே தடத்தின் தென்முனைக்குச் சென்றது. மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஆறே ஆண்டுகளில் இது நடந்தது. 1938 டிசம்பரில் உலக நாடுகளின் கிறித்தவப் பேராளர்கள் கூடிய பன்னாட்டு மாநாடு இந்த வளாகத்தில் நடைபெற்றதால், கிறித்தவ இறையியல் நூல்களில் ‘தாம்பரம்’ என்ற பெயர் ஒரு மாநாட்டின் பெயராகவே வழங்கிவருகிறது.

வழியில் உள்ள நிலையங்களுள் மாம்பலத்தின் கதையே மிகச் செழிப்பானது. தியாகராய நகர் குடியிருப்புக்காக வகுக்கப்பட்ட இடம். பனகல் பூங்காவை நடுவாக வைத்து, அகன்ற தெருக்களும் மரங்களும் தோட்டவீடுகளுமாகத் திட்டமிடப்பட்டது. நிலையத்திலிருந்து கிழக்கே உஸ்மான் சாலை வரை செல்லும் ரங்கநாதன் தெரு அதில் ஒரு குறுகிய இணைப்பு மட்டுமே. ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் அந்தத் தெரு வழியாகவே நடந்தாக வேண்டியிருந்ததால், நடப்போரின் கண்ணில் படும் இடத்தில் கடை வைத்தால் விற்கும் என்பதை வணிகர்கள் விரைவில் உணர்ந்தனர். காய்கறியும் பாத்திரமும் பூவும் விற்ற தெரு, பின்னர் பல மாடித் துணிக்கடைகளின் தெருவாகி, இன்று பண்டிகை நாள்களில் கால்வைக்க இடமில்லாத அளவுக்கு நெரிசல் கொண்ட சந்தையாகிவிட்டது. செங்கல்பட்டிலிருந்தும் அதற்கு அப்பால் இருந்தும் திருமணத்துக்குத் துணி எடுக்க வருவோர் பேருந்து மாறாமல் மாம்பலத்தில் இறங்கிக் கடைக்குள் நுழைந்துவிட முடிவதே அந்த வணிகத்தின் அடித்தளம். அந்தத் தெருவின் கட்டட விதிகளைப் பற்றி எழுந்த வழக்குகளும் விவாதங்களும் ஏராளம். அங்கே வந்து குவியும் கூட்டத்தைக் கொண்டுவருவது ரயில் என்பது மட்டும் அவற்றில் அரிதாகவே பேசப்படுகிறது.

மற்ற நிலையங்களிலும் இதே போக்கு வெவ்வேறு வடிவில் நிகழ்ந்தது. காரைக்குடியில் இயங்கிய ஏ.வி.எம். திரைப்பட நிறுவனம் 1948இல் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கிண்டியில் 1958இல் தொழிற்பேட்டை எழுந்தது. குரோம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்று குரோம்பேட்டைக்குப் பெயரையே கொடுத்தது, பிறகு 1949இல் அங்கே எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றியது. பல்லாவரமோ ரயிலுக்கு மட்டுமல்ல, வரலாற்றுக்கே மூத்தது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கல்லாயுதம்தான் இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று. பூங்கா நிலையத்துக்குப் பெயர் தந்த மக்கள் பூங்காவில் நெடுங்காலம் இருந்த விலங்குக் காட்சிச்சாலை, 1985இல் தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது. கல்லூரியைப் போலவே அதுவும் இதே தண்டவாளத்தின் ஓரமாகவே தெற்கே நகர்ந்தது.

ரயில் ஊர்களைச் சேர்த்ததைப் போலவே பிரிக்கவும் செய்தது. தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் ஒரே ஏரிப்பகுதியில் அடுத்தடுத்து இருந்தும், இடையே தண்டவாளம் ஓடியதால் மனை விலையிலும் சாலை அகலத்திலும் வெவ்வேறு ஊர்களாக வளர்ந்தன. தாம்பரமும் கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. மேற்கில் பெருஞ்சாலையும் சந்தையும் பேருந்து நிலையமும், கிழக்கில் கல்லூரிகளும் விமானப்படைத் தளமும் குடியிருப்புகளுமாக. மின்சார ரயில்கள் கூடக்கூட, சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் லெவல் கிராசிங்குகளில் கதவு மூடியிருக்கும் நேரமும் கூடியது. ஒவ்வொரு மேம்பாலத்துக்காகவும் சுரங்கப்பாதைக்காகவும் அப்பகுதி மக்கள் பல்லாண்டுகள் மனு கொடுக்க வேண்டியிருந்தது என்பது இத்தடத்தின் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டிய செலவு.

1944இல் தென்னிந்திய ரயில்வே அரசுடைமையானது. 1951 ஏப்ரல் 14 அன்று அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயோடும் மைசூர் ரயில்வேயோடும் சேர்ந்து தெற்கு ரயில்வே உருவாயிற்று. 1957இல் இந்திய ரயில்வே, பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு, 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தன் பொது முறையாக ஏற்றது. நொடிக்குப் பலமுறை திசை மாறும் இந்த மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் மெல்லிய கம்பி வழியே நெடுந்தொலைவு அனுப்பி, எஞ்சினுக்குள்ளேயே மின்மாற்றி வைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இம்முறையில் 1960களின் நடுவில் தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மின்மயமானபோது, ஜப்பானிலிருந்து 20 மீட்டர்கேஜ் மின்சார எஞ்சின்கள் வாங்கப்பட்டன. தாம்பரத்துக்கு வடக்கே ஒரு மின்முறை, தெற்கே இன்னொரு மின்முறை என்பது நீடிக்க முடியாதது. ஆகவே கடற்கரை–தாம்பரம் தடமும் 1967 ஜனவரியில் 25,000 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டது. கம்பி முடிந்த இடம் என்ற நிலை தாம்பரத்துக்கு இத்தோடு மறைந்தது. ஆயினும் மின்தொடர் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையும், பெரும்பாலான வண்டிகள் திரும்பும் இடம் என்ற வழக்கமும் தாம்பரத்தை முனையமாகவே வைத்திருந்தன. இந்தியாவில் மின்மயமான மீட்டர்கேஜ் பாதை வேறெங்கும் இல்லாததால், இந்த எஞ்சின்களும் வண்டிகளும் வேறு ஊர்களுக்கு அனுப்ப முடியாத, இத்தடத்துக்கே உரிய சொத்துகளாக இருந்தன.

1992இல் நாடெங்கும் ஒரே அகலப்பாதை என்ற திட்டம் தொடங்கியபோது அந்தத் தனித்தன்மையே பெரும் சிக்கலாக மாறியது. அன்றாடம் லட்சக்கணக்கானோர் பயணம் செய்யும் தடத்தை மூடிவிட்டுப் பாதையை மாற்ற முடியாது. எனவே மீட்டர்கேஜுக்கு அருகிலேயே அகலப்பாதை போட்டு, வண்டிகளைச் சிறிது சிறிதாக அதற்கு மாற்றி, கடைசியில் பழைய பாதையைப் பெயர்க்கும் முறை கையாளப்பட்டது. சில ஆண்டுகள் இரு அகலங்களிலும் புறநகர் வண்டிகள் அக்கம்பக்கமாக ஓடின. நிலைய மேடைகளின் உயரமும் வண்டிகளின் அகலமும் ஒத்துப்போகுமாறு நிலையத்துக்கு நிலையம் கட்டுமானத்தை மாற்ற வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டு மீட்டர்கேஜ் மின்தொடர் வண்டி தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. போக்குவரத்தை நிறுத்தாமலே ஒரு நகரத்தின் முதுகெலும்பான பாதையை மாற்றி முடித்த அந்தப் பொறியாளர்களின், தொழிலாளர்களின் உழைப்பு உரிய அளவில் பதிவாகவில்லை.

அகலப்பாதை வந்தபின் தாம்பரத்தின் பணி விரிந்தது. தென்மாவட்டங்களிலிருந்து எழும்பூர் நோக்கி வரும் இரவு ரயில்கள் விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாம்பரத்தில் நிற்கும்போது, திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவோரில் பெரும்பகுதியினர் அங்கேயே இறங்கிவிடுகின்றனர். அரிசி மூட்டையும் தேங்காய்ப் பையும் தூக்கம் கலையாத குழந்தையுமாக நடைமேம்பாலத்தில் ஏறி, மறுபுறம் நிற்கும் மின்சார ரயிலைப் பிடித்துக் குரோம்பேட்டைக்கோ கூடுவாஞ்சேரிக்கோ செல்லும் அந்தக் கூட்டம், சென்னையில் குடியேறிய தென்மாவட்டத்தாரில் மிகப்பலர் இத்தடத்தின் ஓரத்தில் வாழ்கின்றனர் என்பதற்குக் கண்கூடான சான்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய நாள்களில் இதே கூட்டம் எதிர்த்திசையில் திரள்கிறது. இவ்வாறு தாம்பரம் எழும்பூர், சென்ட்ரல் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது முனையமாக உயர்ந்து, தென்மாவட்டங்களுக்கான ரயில்கள் அங்கிருந்தே புறப்படலாயின. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, அதன் மேல் தொடங்கிவைக்கப்பட்ட புதிய ரயில் ராமேசுவரத்திலிருந்து தாம்பரத்துக்கு விடப்பட்டது.

வளர்ச்சியின் சுமையைத் தாங்குவதோ பயணிகள். நெரிசல் நேரத்தில் வாசற்படியில் தொங்கிச் செல்வது இத்தடத்தில் அன்றாட வழக்கமாகிவிட்டது. 2018 ஜூலையில் மின்கம்பி அறுந்ததால் புறநகர் வண்டி ஒன்று விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்டபோது, பரங்கிமலை நிலையத்தில் படியில் நின்றவர்கள் பாதையை ஒட்டிய தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தனர். தொங்கியவர்களின் கவனக்குறைவு என்று மட்டும் அதைச் சொல்லி முடித்துவிட முடியாது. உள்ளே இடம் இருந்திருந்தால் அவர்கள் வெளியே நின்றிருக்க மாட்டார்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை செல்லும் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கும் மேலாகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் தாம்பரம் நிலையத்தின் பாதைகள் மாற்றியமைக்கப்பட்டபோது புறநகர் வண்டிகள் பல ரத்தாயின. 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன வசதி கொண்ட, கதவு தானாக மூடும் முதல் புறநகர் வண்டி ஓடத் தொடங்கியது. கதவு மூடிய வண்டியில் யாரும் தொங்க முடியாது என்பது நல்லதே. ஆனால் அதன் கட்டணம் சாதாரண வண்டியைவிடப் பன்மடங்கு என்பதால், படியில் நிற்கும் தினக்கூலிக்காரருக்கு அது விடையாகாது. சாதாரணக் கட்டண வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அவருக்கு உதவும்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சியான பின், நகரத்தின் எல்லை இன்னும் தெற்கே நகர்ந்துவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கான பெரிய முனையம் திறக்கப்பட்டபோது, எதிரே பெருஞ்சாலைக்கு மறுபுறம் இதே ரயில் பாதை ஓடியும், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே ரயில் நிற்க ஒரு நிலையம் இருக்கவில்லை. 1931இல் முதலில் மின்சார ரயில் வசதி வந்தது, அதை நம்பி மக்கள் குடியேறினர். கிளாம்பாக்கத்தில் மக்களை முதலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ரயில் நிலையத்தையும் அதற்குச் செல்லும் நடைமேம்பாலத்தையும் பிறகு கட்டும் முறை பின்பற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், நள்ளிரவில் மூட்டை முடிச்சுகளோடு பேருந்திலிருந்து இறங்கியவர்கள் வண்டலூர் நிலையத்துக்கோ தாம்பரத்துக்கோ செல்ல மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேட வேண்டியதாயிற்று.